தடிமனைச் சொல்லாமல் விற்கப்பட்ட கிராஃபிக்ஸ் கார்டு

கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது பற்றிக் கேட்டால் எந்தச் சிப், எத்தனை ஜிபி என்று ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். அந்தக் கார்டின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்ற ஒரே ஒரு எண்ணை விற்பனையாளரிடமிருந்து பெறுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சிப்பைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கல் எதுவும் இல்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் காட்சிகளைப் படமாக உருவாக்குவதே, அதாவது ரெண்டர் செய்வதே, என் முதன்மையான வேலை என்பதால், அந்த வேலையை விரைவாக்கும் என்விடியாவின் ஆப்டிக்ஸ் வசதியைப் பயன்படுத்தக்கூடிய என்விடியா ஆர்டிஎக்ஸ் 4070 என்று முடிவு செய்தேன். அதன் மின்தேவை 200 வாட். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி 16 ஜிபி நினைவகம் தருகிறது என்றாலும் 263 வாட் கேட்கிறது. கார்டு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறும் என்பதால், நடுத்தர அளவுள்ள என் கணினிப் பெட்டிக்கு, அதாவது கேபினட்டுக்கு, அந்த 63 வாட் வேறுபாடு சிறியதன்று.

குளிரூட்டும் முறையில்தான் இழுபறி தொடங்கியது. புளோயர் வகைக் கார்டு சூடான காற்றைப் பின்புறத் துளைகள் வழியாகக் கேபினட்டுக்கு வெளியே தள்ளிவிடும். நெருக்கமான பெட்டிகளுக்கு ஏற்றது, ஆனால் முழுச் சுமையில் அதன் இரைச்சலைப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுத்துக்கொள்ள முடியாது. இரண்டு மூன்று ஃபேன்கள் கொண்ட திறந்த வகை அமைதியானது. ஆனால் சூட்டில் பெரும்பகுதியைக் கேபினட்டுக்குள்ளேயே கொட்டும், ஆகவே முன்னிருந்து காற்று உள்ளே வரவும் பின்னால் வெளியேறவும் வழி இருக்க வேண்டும். திரவக் குளிரூட்டல் உள்ள கார்டுகள் 200 வாட் சிப்புக்குத் தேவையற்ற ஆடம்பரம் என்பது என் கருத்து. நான் திறந்த வகையையே கேட்டேன்.

விற்பனையாளரோ ப்ராசஸருக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் (திரவத்தின் சூட்டை வெளியேற்றும், கேபினட்டின் முன்புறம் பொருத்தும் தகடு) கொண்ட திரவக் குளிரூட்டியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்படி வற்புறுத்திக்கொண்டே இருந்தார். என் கேபினட்டின் முன்புறம் காலியாக இருக்கும் நிலையில் கார்டுக்குக் கிடைக்கும் நீளம் 330 மி.மீ. அங்கே வழக்கமான 25 மி.மீ. ஃபேன்களை மட்டும் வைத்தால் 305 மிஞ்சும், 27 மி.மீ. ரேடியேட்டரும் சேர்ந்தால் 278 தான். அவர் காட்டிய கார்டின் நீளம் 300 மி.மீ. இந்தக் கணக்கைச் சொன்ன பிறகும் “எந்தக் கேபினட்டிலும் பொருந்தும் சார்” என்பதே பதிலாக வந்தது. கேபினட்டின் விவரக் குறிப்பில் இருக்கும் நீளம் ஃபேன்கள் இல்லாமல் அளந்ததா, அவற்றோடு சேர்த்து அளந்ததா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டரை விட்டதோடு நீளம் தீர்ந்தது, தடிமன் தீரவில்லை. விற்பனைப் பக்கத்தில் “2 ஸ்லாட்” என்று மட்டுமே போட்டிருந்தார்கள். மதர்போர்டில் கார்டுகளைச் செருகும் இடமே ஸ்லாட்; ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள தொலைவு 20.32 மி.மீ. என்பதால், 2 ஸ்லாட் கார்டு 40 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். என்னிடம் நான்காவது ஸ்லாட்டில் வீடியோ கேப்ச்சர் கார்டு ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஃபேன்கள் காற்றை இழுக்க ஏறக்குறைய 21 மி.மீ. கிடைக்கும் என்று கணக்கிட்டே சம்மதித்தேன். வந்து இறங்கிய கார்டின் மேல் அடிக்கோலை வைத்தால் 52 மி.மீ.! இரண்டு ஸ்லாட் என்பது பின்புறத் தகட்டின் அளவு மட்டுமே; சூட்டை வாங்கிப் பரப்பும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க்கும் ஃபேன் உறையும் மூன்றாவது ஸ்லாட்டின் பாதியை விழுங்கியிருந்தன. இருபத்தொன்றாக இருக்க வேண்டிய இடைவெளி ஒன்பதாகச் சுருங்கிவிட்டது.

பொருத்திப் பார்த்தபோது, ரெண்டர் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஃபேன்கள் மூச்சுத் திணறுவதுபோல் இரைந்தன. கார்டைக் கண்காணிக்கும் ஜிபியு-இசட் என்ற மென்பொருள் காட்டிய ஹாட்ஸ்பாட் வெப்பநிலை, அதாவது சிப்பின் மிகச் சூடான புள்ளியின் வெப்பநிலை, 100 டிகிரியை நெருங்கியது. இத்தகைய நேரத்தில் செய்ய வேண்டிய எளிய சோதனை, கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி அதே வேலையை மீண்டும் ஓட்டுவது. வெப்பம் சட்டென்று குறைந்தால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது; குறையாவிட்டால் கார்டையும், சிப்பிலிருந்து ஹீட்சிங்க்குக்குச் சூட்டைக் கடத்தும் அதன் தெர்மல் பேஸ்ட்டையும் சந்தேகிக்கலாம். எனக்குப் பத்து டிகிரிக்கு மேல் குறைந்தது.

இதையெல்லாம் எழுதி அனுப்பியதற்கு வாடிக்கையாளர் சேவையிலிருந்து வந்த முதல் பதில், டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள் என்பது. பன்னிரண்டு மில்லிமீட்டர் உலோகத்தை எந்த டிரைவர் கரைக்கும் என்று திருப்பிக் கேட்டேன்; அதற்குப் பதிலில்லை. அடுத்து வந்தவர், பெட்டியின் முத்திரை உடைந்துவிட்டதால் திரும்பப் பெறுவதற்குக் கட்டணம் பிடிப்போம் என்றார். தயாரிப்பாளரின் விவரக் குறிப்பைக் காட்டலாம் என்றால், பில்லில் “ஆர்டிஎக்ஸ் 4070 12 ஜிபி” என்பதற்கு மேல் ஓர் எழுத்துகூட இல்லை. அதே சிப்பில் அதே நிறுவனமே வெவ்வேறு தடிமனில் பல மாதிரிகளை வெளியிடுகிறது. மாதிரி எண் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு எந்தக் குறிப்பையும் ஆதாரமாகக் காட்ட முடியாது. பில்லில் மாதிரி எண்ணும் சீரியல் எண்ணும் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். பின்னால் வாரண்டிக்கும் அவைதான் கேட்கப்படும்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு புகைப்படம். கார்டின் பின்னால் ஒட்டியிருந்த மாதிரி எண், சீரியல் எண், 52-ஐத் தொட்டு நிற்கும் அடிக்கோல் ஆகிய மூன்றும் ஒரே சட்டத்தில் தெரியும்படி எடுத்து, “2 ஸ்லாட்” என்றிருந்த விற்பனைப் பக்கத்தின் படத்தையும் இணைத்து அனுப்பினேன். மறுநாளே கட்டணப் பேச்சு மறைந்து, 40 மி.மீ. கார்டை மாற்றித் தரச் சம்மதித்தார்கள். விற்பனைப் பக்கத்திலும் தடிமன் சத்தமில்லாமல் திருத்தப்பட்டிருந்ததைப் பார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

மாற்றாக வந்த கார்டில் ஹீட்சிங்க் சிறியது, ஆகவே ஃபேன்கள் சற்று வேகமாகச் சுழல்கின்றன. மின்வரம்பை 80 விழுக்காட்டுக்கு, அதாவது 160 வாட்டுக்குக் குறைத்த பிறகு இரைச்சல் அடங்கியது. ரெண்டர் நேரம் சற்றே கூடியது, அவ்வளவுதான். இதில் ஒரே ஒரு 8 பின் மின் இணைப்பு இருப்பது இன்னொரு வசதி: ஸ்லாட் தரும் 75 வாட்டும் அந்த இணைப்பு தரும் 150 வாட்டும் தேவைக்குத் தாராளம். 16 பின் இணைப்புள்ள மாதிரியை எடுப்பவர்கள், பிளக் கடைசிவரை உள்ளே அமர்ந்திருக்கிறதா என்பதையும், கேபிளை முதல் 35 மி.மீ. தொலைவுக்கு வளைக்காமல் விடும் அளவுக்குப் பக்கத் தகட்டுக்கு முன் இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

மாற்றிக் கொடுத்த கார்டுக்குத் திரும்பக் கொடுக்கும் காலக்கெடு புதிதாகத் தொடங்காது, முதல் பில்லின் தேதியிலிருந்தே கணக்கிடப்படும் என்று கார்டு கைக்கு வந்த பிறகுதான் தெரிவித்தார்கள். ஆகவே அன்றிரவே சுமை கொடுத்துச் சோதித்தேன். திரையில் வினாடிக்கு நூற்றுக்கணக்கான ஃபிரேம்கள் ஓடும்போது சன்னமான கீச்சொலி, அதாவது காயில் வைன், கேட்டது. அதைக் குறையாகக் கருதித் திரும்பப் பெற மாட்டோம் என்று விதிமுறையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஃபிரேம் வரம்பை 120-இல் நிறுத்திவைத்து அதை நானே அடக்கிக்கொண்டேன்.