வால்யூமைக் குறைடா!

லண்டன் சவுத்தாலில் எங்கள் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேஜை மூன்று மாதமாக என் வசம் இருந்தது. மேலே பாதி கட்டிய ஜேடிஎம்45, அதாவது மார்ஷல் கம்பெனியின் பழைய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர். வீட்டில் எல்லோரும் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள்.

207 பஸ் ஏறினால் பக்கத்திலேயே ஹான்வெல். டிரம்ஸ் சொல்லிக்கொடுத்துவந்த ஜிம் மார்ஷல் அங்கேதான் கடை வைத்திருந்தார். 1960-களின் தொடக்கத்தில் கென் பிரான், டட்லி கிரேவன் என்ற டெக்னீஷியன்களோடு சேர்ந்து, ஃபெண்டர் பாஸ்மேன் என்ற அமெரிக்க ஆம்ப்பின் சர்க்யூட்டைப் பார்த்து இதை உருவாக்கினார். ஜே ஜிம், டி அவர் மகன் டெர்ரி, எம் மார்ஷல். அம்மாவிடம் சொன்னேன். "பாரு, அந்தப் பையன் அப்பாவுக்கு எவ்ளோ ஒத்தாசையா இருந்திருக்கான்" என்றார்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு வால்வு புதிதில்லை. தாத்தா வீட்டு ரேடியோ சூடான பிறகுதான் பேசுமாம். ஒரு கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு மறு கையால் நான் மீட்டர் வைப்பதுதான் புரியவில்லை. "குளிருதாடா?" உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும், பிளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கும் என்று விளக்கினேன். பெரிய தப்பு. அதற்கப்புறம் நான் மேஜைப் பக்கம் போனாலே என் மனைவி பூரிக்கட்டையோடு காவலுக்கு நிற்க வேண்டியதாயிற்று. மாமியார் உத்தரவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தயார். கரண்ட் ஒரு பல்ப் வழியாக வரும்படி சீரிஸில் போட்டுப் பார்த்தேன், ஷார்ட் இல்லை. அப்புறம் நேராக பிளக்கில் செருகி, வால்வுகள் சிவந்ததும் உயர் வோல்ட்டேஜைத் திறந்துவிடும் ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தட்டினேன்.

வீ...ல் என்று ஓர் அலறல். கீழ் வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து, "தீயா?" என்றார்.

என் சந்தேகமெல்லாம் என் கைவரிசை மேலேயே. இரண்டு சேனலையும் உள்ளேயே இணைத்து ஒரு மாற்றம் செய்திருந்தேன். அதைப் பிரித்தேன். அலறல். ஈசிசி83 என்ற சின்ன வால்வுகள் மூன்றையும் மாற்றினேன். அதே அலறல். பத்து நாள் போயிற்று.

"முதல்ல வால்யூமைக் குறைடா!"

"பூஜ்யத்துலதாம்மா இருக்கு" என்றவன் அப்படியே நின்றேன். பூஜ்யத்திலும் கத்துகிறதென்றால் கோளாறு வால்யூமுக்கு அப்பால். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கேடி66 என்ற இரண்டு பெரிய வால்வுகளுக்கும் போகும் ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்! ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து திரும்பி வந்து அடக்க வேண்டிய ஃபீட்பேக், தூண்டிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஒயர்களை மாற்றிப் பற்றவைக்கப் பத்து நிமிஷம்.

அமைதி. அப்புறம் கிட்டாரில் ஒரு ‘E’ கார்டு (chord). ஆகா!

ஏதாவது அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று பார்க்க, பெட்டியில் பொருத்தி மாலை வரை ஓடவிட்டேன். கடைக்குப் போய்த் திரும்பினால் பெட்டி மேல் மூடிபோட்ட எவர்சில்வர் தூக்கு. பதறிப்போய் எடுத்தேன். உள்ளே தயிர், கட்டியாக. ஜனவரி முழுக்க உறையாத தயிர்.

அம்மா எட்டிப் பார்த்தார். "நாளைக்கு எத்தனை மணிக்குடா வாசிப்பே? இட்லி மாவு அரைக்கணும்."