வைஸில் மாட்டிய துப்பாக்கி

கோச் விலையைச் சொன்னதும் என் மனதில் ஓடிய முதல் கணக்கு, அந்தக் காசுக்கு ஒரு நல்ல செகண்ட்ஹேண்ட் லேத் வரும் என்பதுதான். ஜெர்மன் ஏர் ரைஃபிள், புதுசு, மூன்று லட்சத்துக்குப் பக்கம். வாங்க வேண்டியது ஒன்பதாம் வகுப்பு படிக்கும், பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் என் மகளுக்கு.

எனக்கு கோவை கணபதியில் சின்னப் பட்டறை. மூன்று லேத், ஒரு மில்லிங், முக்கால்வாசி பம்ப் ஷாஃப்ட் வேலை. துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு குழாயை நேராகத் துளை போட என்ன செலவாகும் என்று தெரியும். அதனால்தான் அந்த விலை என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. நம் ஊரிலேயே தயாராகும் காற்றழுத்த ரைஃபிள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைக்கிறது. அதே 0.177 காலிபர் (4.5 மில்லிமீட்டர்த் துளை), அதே 200 பார் காற்றுச் சிலிண்டர். குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குக் கீழே என்பதால் இரண்டுக்குமே லைசன்ஸ் வேண்டாம். அப்படியென்றால் மிச்சக் காசு எதற்கு?

"முதல்ல இதுவே போதும் கண்ணு" என்று உள்ளூர்த் துப்பாக்கியை வாங்கிக் கொடுத்தேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ரேஞ்சில் பக்கத்து லேனில் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்று ஜெர்மன் துப்பாக்கிகள் நிற்கும்போது, இவள் தன்னுடையதை உறையிலிருந்து எடுக்கும் வேகம் கொஞ்சம் குறையும். அதை நான் பார்த்தேன்.

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் ஷெட் நீளவாக்கில் பதினோரு மீட்டர். இந்தப் போட்டிக்கு வேண்டியது பத்தே மீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் யாரும் இல்லாத நேரம். கெட்டியான எம்எஸ் பிளேட்டில் பெட்டி அடித்து, உள்ளே களிமண் அடைத்து, எதிர்ச் சுவரில் வைத்தேன். அலுமினியத்தில் ஒரு 'வி' பிளாக் கடைந்து, தோல் ஒட்டி, பெஞ்ச் வைஸில் (வேலை மேசையில் இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) துப்பாக்கியின் நடு உடம்பை மட்டும் பிடிக்கிற மாதிரி மாட்டினேன். பேரலைத் தொடவில்லை. மகளின் சீனியர் ஒரு பெண் தன் ஜெர்மன் ரைஃபிளைக் கூடவே கொண்டுவந்திருந்தாள், அவள் அப்பாவோடு. நான் வைஸைத் திருகும்போதெல்லாம் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

இரண்டு துப்பாக்கி, இரண்டு வகை பெல்லட், அதாவது ஈயக் குண்டு. ஒன்று பிராக்டிஸுக்கு எல்லோரும் வாங்கும் மலிவு டின். இன்னொன்று ஜெர்மன் மேட்ச் பெல்லட், 500 கொண்ட டின் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஒவ்வொரு ஜோடிக்கும் பத்து ஷாட், ஒரே இலக்குக் கார்டில். பெல்லட்டின் தலை தட்டையாக இருப்பதால் பேப்பரில் பஞ்ச் போட்ட மாதிரி ஓட்டை சுத்தமாக விழும், வெர்னியர் வைக்க வசதி. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, பெல்லட்டின் விட்டமான 4.5 கழித்தால் குரூப் அளவு, அதாவது ஷாட்டுகள் எவ்வளவு சிதறின என்பது, வந்துவிடும்.

நம் ஊர்த் துப்பாக்கி மலிவு பெல்லட்டோடு 3.4 மில்லிமீட்டர். ஜெர்மன்காரன் அதே மலிவு பெல்லட்டோடு 2.7. நம்முடையது மேட்ச் பெல்லட்டோடு 1.5. ஜெர்மன் மேட்ச் பெல்லட்டோடு 0.8.

இரண்டாவதையும் மூன்றாவதையும் இன்னொரு முறை பாருங்கள். நல்ல பெல்லட் போட்ட மலிவுத் துப்பாக்கி, மட்டமான பெல்லட் போட்ட விலையுயர்ந்த துப்பாக்கியை முந்திவிட்டது. பெல்லட்டின் தலை விட்டம் 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் டின்னிலேயே எழுதி விற்கிறார்கள். ஷாஃப்ட்டுக்கு பேரிங் ஃபிட் பார்க்கிறவனுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. துளை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே போவது லொடலொடவென்று இருந்தால் என்ன செய்வது?

இப்போது இலக்கைச் சொல்கிறேன். கார்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. 4.5 மில்லிமீட்டர்ப் பெல்லட் அதை உரசினாலே பத்து. அதாவது மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டர் விலகினாலும் பத்துதான். என் வைஸ் கணக்கில் மிக மோசமான ஜோடிகூட, குறிபார்க்கும் சைட்டைச் சரியாக வைத்துவிட்டால் ஏறக்குறைய எல்லா ஷாட்டையும் பத்தில் போடும். மகள் அப்போது நின்று சுட்டால் பத்து ஷாட் குரூப் 11 மில்லிமீட்டர். அந்த 11-ம் துப்பாக்கியின் 1.5-ம் சேர்ந்து 12.5 ஆகாது. தனித்தனிப் பிழைகள் அப்படிக் கூடுவதில்லை. வர்க்கம் போட்டுக் கூட்டி மூலம் எடுத்தால் 11.10 வருகிறது. ஜெர்மன் துப்பாக்கியானால் 11.03. வித்தியாசம் ஒரு தலைமுடி கனம். லேத்தின் பிடியான சக்கில் ஜாப் சரியாகக் கடிக்காமல் ஆடும்போது, ஸ்பிண்டிலின் ஆட்டம் இரண்டு மைக்ரானா மூன்று மைக்ரானா என்று யோசிக்கிற மாதிரி.

கார்டுகளை எடுத்துக்கொண்டு வெற்றி வீரன் மாதிரி ரேஞ்சுக்குப் போனேன். கோச் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கேட்டார்: "நல்லாத்தான் அளந்திருக்கீங்க. உங்க வைஸுக்குத் தோள்பட்டை இருக்குதுங்களா?"

எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். நான் அளந்தது பேரலையும் பெல்லட்டையும் மட்டும். மகள் சுடுவது வைஸை வைத்து அல்லவே.

அடுத்த வாரம் கோச் இரண்டு துப்பாக்கியின் ட்ரிகரையும் என்னை இழுத்துப் பார்க்கச் சொன்னார். நம்முடையதில் விரல் நகர்கிறது, கொஞ்சம் கரகரக்கிறது, எப்போது விடும் என்று தெரியாமல் இன்னும் அழுத்தினால் டக்கென்று விடுகிறது. ஜெர்மனில் முதல் கட்டம் முடிந்து ஒரு சுவர் மாதிரி நிற்கும். அதற்கு மேல் நினைத்தால் போதும், விட்டுவிடும். இந்தப் பெல்லட் ஒன்றும் புல்லட் இல்லை. வினாடிக்கு 170 மீட்டர் சுமார்தான். விரல் அசைந்த பிறகும் சில மில்லி செகண்ட் பேரலுக்குள்ளேயே இருக்கும். அந்த நேரத்தில் விரல் செய்த குழப்பம் எல்லாம் கார்டில் போய் உட்காரும். வைஸில் மாட்டினால் கரகர ட்ரிகரும் வழுவழு ட்ரிகரும் ஒன்றுதான், ஏனென்றால் துப்பாக்கி அசைய வழியே இல்லை. ஜெர்மன் துப்பாக்கியில் அப்சார்பர் என்று ஒரு சின்ன எடை உள்ளே எதிர்த்திசையில் நகர்ந்து உதைப்பை விழுங்குகிறது. அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள். என் வைஸ் அதையும் விழுங்கிக் காட்டாமல் விட்டுவிட்டது.

இன்னொன்று, ஸ்டாக். ஜெர்மன் துப்பாக்கியில் கன்னம் வைக்கிற இடம், தோளில் முட்டுகிற தகடு, கைப்பிடி எல்லாம் மேலே கீழே, முன்னே பின்னே, சாய்வாக என்று நகரும். வளர்கிற பிள்ளைக்கு இது பெரிய விஷயம். நம்முடையதில் கன்னத் தகடு மேலே கீழே மட்டும்தான் போகும். அவள் கழுத்தை வளைத்துக்கொண்டுதான் பீப் சைட்டை (குறிபார்க்கும் சின்னத் துளை) பார்த்திருக்கிறாள், ஒரு வருடமாக. "அப்பா, கழுத்து வலிக்குது" என்று சொன்னபோதெல்லாம் படிப்பு என்று நினைத்தேன். அதற்கு மட்டும் நான் உதவ முடிந்தது. மில்லிங்கில் ஒரு அலுமினிய ஸ்லைடு வெட்டி, கன்னத் தகட்டைப் பக்கவாட்டிலும் நகர வைத்தேன். போட்டிக்கு முன்பான உபகரணச் சோதனையில் விதிக்குள்தான் இருக்கிறது என்று விட்டார்கள். அந்த ஒரு துண்டு அலுமினியத்தில் மட்டும் அவள் ஸ்கோர் நான்கு பாயிண்ட் ஏறியது. ட்ரிகரிலும் கை வைக்கவா என்று கேட்டேன். கோச் பார்த்த பார்வையில் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மலிவுத் துப்பாக்கியில் ஒரு உண்மையான கோளாறும் இருந்தது. டீக்குப் போய் வந்து சுட்டால் முதல் ஷாட் எப்போதும் ஒரு மில்லிமீட்டர் மேலே. மூன்று கார்டில் அதையே பார்த்த பிறகுதான் உறைத்தது. சிலிண்டரின் 200 பாரை இறக்கித் தருகிற ரெகுலேட்டரில் சீட் (காற்றை அடைக்கும் சின்ன பாகம்) லேசாகக் கசிந்து, சும்மா இருக்கும்போது அழுத்தம் ஊர்ந்து ஏறியிருக்கிறது. வேகம் 5 மீட்டர் கூடினால் பத்து மீட்டரில் சரியாக அந்த ஒரு மில்லிமீட்டர்தான் வரும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். தயாரித்தவர்கள் புது சீட் அனுப்பினார்கள், கூரியருக்குப் பதினேழு நாள் ஆனது. மாற்றியதும் சரியாகிவிட்டது. ரேஞ்சில் ஒரு பழைய ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் இருக்கிறது, சைடு லீவர் இழுத்து ஸ்பிரிங்கில் ஓடுவது. சுடும்போது மேல்பகுதி முழுக்கத் தண்டவாளத்தில் பின்னால் வழுக்கி உதைப்பைத் தோளுக்கு விடாமல் வைத்துக்கொள்ளும். ரெகுலேட்டரே கிடையாது. என் கல்யாணத்துக்கு முந்தின துப்பாக்கி அது, இன்னும் ஒரே ஓட்டையில் போடுகிறது. விலை அதிகம் என்பதைவிட யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று அதைப் பார்த்தால் தோன்றும்.

முழு எண்ணில் பாயிண்ட் போட்ட காலமாக இருந்திருந்தால் நான் அத்தோடு நிறுத்தியிருப்பேன். 2013 முதல் தகுதிச் சுற்றிலேயே தசமத்தில் எண்ணுகிறார்கள். 10.0 வேறு, 10.9 வேறு. ஒவ்வொரு 0.1-க்கும் கால் மில்லிமீட்டர். அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங் ஃபைனலில் கடைசியாகப் போட்ட 10.8 என்பது மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குள். மகள் 60 ஷாட்டுக்கு 598-ல் ஆரம்பித்து, ஒன்றரை வருடத்தில் அதே உள்ளூர்த் துப்பாக்கியில் 612 வந்தாள். குரூப் சுருங்கச் சுருங்க, துப்பாக்கியின் 1.5 மெல்ல வெளியே தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் வாங்கினேன், அதற்கு முன் இல்லை. அந்த ஒன்றரை வருடத்தில் மிச்சமான பணத்தில் நல்ல ஜாக்கெட், பேன்ட், ஷூ, டின் டின்னாக மேட்ச் பெல்லட். இதைச் செய்ததில் எனக்கு இன்னும் வருத்தமில்லை.

வாங்கியதும் செகண்ட்ஹேண்ட் ஜெர்மன்தான். அதில் நான் ஏமாந்தேன். பேரல், ட்ரிகர், ஸ்டாக் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவன், சிலிண்டரில் பொறித்திருந்த தேதியைப் பார்க்கவில்லை. பத்து வருடம் தாண்டினால் போட்டிக்கு அனுமதி இல்லை. எங்களுடையதில் ஏழு மாதம் பாக்கி. விற்றவரும் வாயே திறக்கவில்லை. புது சிலிண்டருக்குத் தனியாக அழுதேன்.

புதுத் துப்பாக்கி வந்த முதல் மாதம் 606. ஆறு பாயிண்ட் கீழே. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, சாப்பாட்டு நேரத்தில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. நான்கு மாதம் கழித்து 617. தேசிய அளவில் முன்னால் நிற்கிறவர்கள் 630-க்கு மேல் போடுகிறார்கள், அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது.

பழைய துப்பாக்கி இப்போது பட்டறையில் இருக்கிறது. ஞாயிறு மாலை, ஆட்கள் போன பிறகு நான் சுடுவேன். நின்று சுட்டால் என் குரூப் 38 மில்லிமீட்டர். துப்பாக்கி மேல் பழி போடவும் வழியில்லை. வைஸில் வைத்துச் சுட்ட அந்த 1.5 கார்டை, தேதி போட்டு, மகள் எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.