அம்மாவுக்கு எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம்

2023 ஓகஸ்ட் 29 அன்று, யூலெஸ் எனப்படும் புகைக் கட்டண வலயம் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிக்கப்பட்டபோது, ஹாரோவில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற 2009ஆம் ஆண்டு டீசல் கார், அசைந்தாலே நாளொன்றுக்கு 12.50 பவுண் கேட்கத் தொடங்கியது. அரிசி வாங்கப் போனாலும் 12.50, அம்மாவை வைத்தியரிடம் கூட்டிப் போனாலும் 12.50 என்று ஒரு மாதம் கணக்கு எழுதிப் பார்த்துவிட்டு, பழைய காரைக் கழித்துவிடுபவர்களுக்கு லண்டன் மாநகர நிர்வாகம் கொடுத்த 2,000 பவுணுக்கு விண்ணப்பித்தோம். அந்தப் பணத்தோடு சேமிப்பையும் சேர்த்து, ஏழாயிரம் பவுண் அளவில் கட்டணத்துக்கு அகப்படாத ஒரு பெற்றோல் காரை இரண்டாம் கையாக வாங்குவது என்று வீட்டில் ஏகமனதாக முடிவாயிற்று. அந்த வருடத்தில் எங்கள் வீட்டில் ஏகமனதாக முடிவான கடைசி விடயம் அதுதான்.

மினிகாப் எனப்படும் வாடகைக் கார் ஓட்டும் என் மச்சானின் சொற்படி ஸ்கோடா ஒக்டாவியா என்று வண்டி தீர்மானமானது. லண்டன் மினிகாப் சாரதிகளில் நிறையப் பேர் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய கார் அது என்பதால் நானும் மறுப்புச் சொல்லவில்லை. சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது, ஏனென்றால் அது ஹட்ச்பேக், எஸ்டேட் என்று இரண்டு உடம்பில் வருகிறது. எஸ்டேட் பற்றி நான் முதன்முதலாக வாயெடுத்த அன்று, முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"எஸ்டேட்டோ? உன்ர பெரியமாமா அட்டனிலை எஸ்டேட் கிளாக்கராய் இருந்து, அட்டை கடிச்சதுதான் மிச்சம். உனக்கேன் தம்பி இந்த வேலை?"

இங்கிலாந்தில் எஸ்டேட் என்றால் கூரை பின்பக்கம் வரைக்கும் தாழாமல் நீண்டு, பின் கதவு செங்குத்தாக இறங்கும் கார் என்று கைப்பேசியில் படம் காட்டி விளக்கினேன். அம்மா படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்து, கிட்டப் பிடித்துப் பார்த்து, கடைசியில் இது பிரேதம் ஏற்றுகிற வண்டி என்று தீர்ப்பளித்தார். பின்பக்கம் சரிவாக முடியும் ஹட்ச்பேக்கின் படத்தைக் காட்டியபோது, இது மனிதர் போகிற கார் என்றார்.

என் மனைவி எஸ்டேட் பக்கம் நின்றதற்குக் காரணங்கள் மூன்று: மகளின் வீணை, அம்மாவின் மடக்குச் சக்கர நாற்காலி, வருடா வருடம் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேருக்கு நாங்கள் தண்ணீர்ப் பந்தலுக்குக் கொண்டுபோகும் மோர்க் கிடாரம். மூன்றும் ஒரே நாளில் ஒரே காரில் ஏறவேண்டிய கட்டாயம் வருடத்தில் ஒருமுறைதான் வருகிறது என்று நான் சொன்னேன். அந்த ஒருமுறை போன வருடம் மோர் யாருடைய மடியில் கொட்டியது என்று அவர் திருப்பிக் கேட்டார். என் மடியில்தான் கொட்டியது.

நான் எண்களோடு வாதாடுகிறவன். 2013இல் வந்த மூன்றாம் தலைமுறை ஒக்டாவியாவில், பின் இருக்கைகள் நிமிர்ந்திருக்கும்போது ஹட்ச்பேக்கின் டிக்கி 590 லீட்டர், எஸ்டேட்டின் டிக்கி 610 லீட்டர். வித்தியாசம் வெறும் 20 லீட்டர்தான், அதாவது பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டுகூடக் கொள்ளாத இடம். அதே காலத்து வொக்ஸ்வாகன் கோல்ஃபை எடுத்தால் ஹட்ச்பேக் 380, எஸ்டேட் 605 என்று மடுவுக்கும் மலைக்குமான வித்தியாசம் இருக்கும், நீளத்திலும் எஸ்டேட் ஏறக்குறைய ஓர் அடி கூட. ஒக்டாவியாவிலோ ஹட்ச்பேக்கின் வாலே நீளமானது என்பதால் இரண்டும் ஒரே நீளம். ஆகவே இருபது லீட்டருக்காகப் பிரேத வண்டி ஓட்டுவது அறிவுடைமை ஆகாது என்று நான் சோற்றுக் கோப்பையின் முன்னால் இருந்து ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன்.

அம்மா என் பக்கம்தான் நின்றார் என்றாலும், அளவு அவருக்குப் பிடிக்கவில்லை. "லீட்டர் கணக்கு என்னத்துக்கு? டிக்கிக்குள்ளை மோரை ஊத்தப்போறியளோ? உன்ர அப்பான்ர ஒஸ்ரின் ஏ40 காரிலை ஒன்பது பேர் நல்லூர்த் தேருக்குப் போனனாங்கள். அதுக்கு ஆர் லீட்டர் பார்த்தது?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளில் பெற்றோலை ஒரு சொட்டுக் காட்டி உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய காரோடு வாழ்ந்தவரிடம், டிக்கியின் லீட்டரைக் கணக்கிடும் ஜெர்மன் அளவுமுறை பற்றிப் பேசுவதில் பயனில்லை என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் அன்றிரவு அந்த ஜெர்மன் அளவுமுறையைத் தேடிப் படித்தபோதுதான் என் சொற்பொழிவில் ஓட்டை விழுந்தது. இருபது, பத்து, ஐந்து சென்ரிமீற்றர் அளவில் செங்கல் போன்ற ஒரு லீட்டர்க் கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி, எத்தனை கொள்கிறது என்று எண்ணுகிறார்கள். வழக்கமாக அந்த அடுக்கல் பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மறைப்புத் தட்டோடு நின்றுவிடுகிறது. தட்டுக்கு மேலே எவ்வளவு உயரம் இருக்கிறது, கண்ணாடி சரிவாக வருகிறதா நிமிர்ந்து நிற்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. கட்டைகளால் ஆன குடும்பம் என்றால் இருபது லீட்டர்தான் வித்தியாசம். எங்கள் வீட்டிலோ குடமும் நீண்ட தண்டும் உள்ள ஒரு வீணையும், எப்படி மடித்தாலும் ஏதாவது ஒரு மூலை துருத்திக்கொண்டு நிற்கும் சக்கர நாற்காலியும் இருக்கின்றன. இந்த ஞானத்தை நான் மனைவியிடம் உடனடியாகச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வற்போர்டில் ஒரு ஹட்ச்பேக்கைப் பார்க்கப் போனோம். மனைவியின் கட்டளைப்படி வீணையும் சக்கர நாற்காலியும் வெறுங் கிடாரமும் எங்களோடு வந்தன, மச்சானின் காரில். விற்கிற இளைஞர் காரைக் கழுவி, தூசு உறிஞ்சி, வாசனை அட்டையும் தொங்கவிட்டு வைத்திருந்தார். இயந்திரத்தைக் காட்டுவதற்காக முன்பக்கம் திறந்துகொண்டு அவர் காத்திருக்க, நாங்கள் எல்லோரும் பின்பக்கம் போய் நின்றது அவருக்குக் குழப்பமாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வீணை வெளியே வந்தது.

பின் இருக்கையில் சிறிய பகுதியை மடித்ததும் வீணை அழகாகப் படுத்துக்கொண்டது. கிடாரமும் பக்கத்தில் இருந்தது. நான் வெற்றிப் புன்னகையோடு சக்கர நாற்காலியின் கைப்பிடியை மடித்து, மறைப்புத் தட்டைக் கழற்றிவிட்டு, நாற்காலியை நிறுத்தி, கதவை இறக்கினேன். கதவு இறங்கவில்லை. நாற்காலியின் ஒரு தோள் கண்ணாடியின் சரிவில் முட்டிக்கொண்டு நின்றது. "மெல்ல அமத்துங்கோ, அரை இஞ்சிதான்" என்றார் மச்சான். "அப்பா, என்ர வீணை!" என்று மகள் அலறினாள். கண்ணாடி யாருடையது என்பதை நினைவூட்டும் முகத்தோடு அந்த இளைஞர் ஓரடி முன்னால் வந்தார். நாற்காலியைப் படுக்க வைத்தால் கிடாரத்துக்கு இடமில்லை, கிடாரத்தை முன்னால் வைத்தால் மனைவிக்கு இடமில்லை. நல்ல காரைக் காட்டியதற்கு நன்றி சொல்லிவிட்டு, வந்த சாமான்களோடு திரும்பினோம். திரும்பும் வழியில் மனைவி ஒரு சொல்லும் பேசாமல் வந்தார், அதைவிட அவர் பேசியிருக்கலாம்.

எஸ்டேட் அகப்பட்டது எய்ல்ஸ்பரிக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே ஒரு வீட்டில். வண்டி இலக்கத்தை அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் இட்டு எம்.ஓ.டி. எனப்படும் அதன் வருடாந்தத் தகுதிச் சோதனை வரலாற்றை இலவசமாகப் பார்த்தபோது, ஒரு டயர் தேய்கிறது என்ற குறிப்பைத் தவிர வேறு குறை தெரியவில்லை. 2016ஆம் ஆண்டு வண்டி, பெற்றோல், ஒரே உரிமையாளர். எண்பதை நெருங்கிய பெரியவர், இனிமேல் தூரத்துக்கு ஓட்டுவதில்லை என்று முடிவு செய்து விற்கிறார். எல்லாம் பொருந்தியிருந்தது. அவர் பின் கதவைத் திறக்கும் வரைக்கும்.

இங்கிலாந்தில் எஸ்டேட் காரை யார் வாங்குகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. டிக்கியின் கருநிறக் கம்பளம் முழுவதும் வெள்ளை உரோமம் நெய்தது போலப் படிந்திருந்தது. உள்ளிருந்து வந்த வாசனையைப் பற்றி விரிவாக எழுத விரும்பவில்லை. நான் நாற்காலியை எடுத்துவரத் திரும்பிய நேரத்தில், வீட்டுக்குள்ளிருந்து கிழட்டு லாப்ரடோர் ஒன்று மெதுவாக நடந்து வந்து, காரின் பின்னால் சாத்தியிருந்த சரிவுப் பலகையில் ஏறி, உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டது. கார் விற்பனைக்கு என்ற செய்தியை அதற்கு யாரும் சொல்லவில்லை போலும். பெரியவர் பெயர் சொல்லி அழைத்தார், மன்றாடினார், பிஸ்கட் எடுத்து வரப் போனார். அது ஒரு கண்ணைத் திறந்து வீணையைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

அம்மா ஆறடி தள்ளி நின்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "நாய் படுத்த இடத்திலை அம்மாளாச்சிக்குக் குடுக்கிற மோரை வைக்கிறதோ? சரஸ்வதியைக் கிடத்துறதோ? வா தம்பி, போவம்" என்றார். தமிழ் விளங்காவிட்டாலும் சேலைத் தலைப்பின் பொருள் பெரியவருக்கு விளங்கிவிட்டது. வண்டியைத் தொழில்முறையாகச் சுத்தம் செய்வதற்கென்று விலையில் 150 பவுணைத் தாமாகவே குறைத்தார், அம்மாவுக்குத் தோட்டத்துக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, தேநீரும் கொடுத்தார். பேச்சு எப்படியோ பழைய கார்களுக்குப் போனது. தம் தகப்பனார் வைத்திருந்தது மொரிஸ் மைனர் எஸ்டேட் என்றும், அதன் பின்பாதிக்கு வெளியே மரச்சட்டம் தெரியும் என்றும், மழைக்காலம் கழிந்ததும் அந்த மரத்துக்கு வார்னிஷ் பூசுவது சிறுவயதில் தம்முடைய வேலை என்றும் அவர் சொல்லிக்கொண்டு போக, அதுவரை மௌனமாக இருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மொரிஸ் மைனர்? மை ஃபாதர் ஓல்சோ," என்றார் அம்மா, லண்டனுக்கு வந்த பதினெட்டு வருடத்தில் அந்நியர் ஒருவரிடம் தாமாகப் பேசிய முதல் ஆங்கில வசனமாக. மூக்கிலிருந்த தலைப்பு இறங்கிவிட்டது. தாத்தாவின் காரையும், பருத்தித்துறை வீதியையும் கைகளால் வரைந்து காட்டிக் கால் மணித்தியாலம் அவரே பேசினார். அந்த இடைவெளியில் நானும் மச்சானும் நாற்காலியை, நாய்க்கு இடைஞ்சல் இல்லாமல், நிறுத்திப் பார்த்தோம். நின்றது. வீணை படுத்தது, கிடாரம் இருந்தது, நாய் கிடந்தது, அத்தனைக்கும் மேலே கதவு இறங்கிப் பூட்டிக்கொண்டது. உள்ளே இருபது லீட்டர் எங்கே இருந்தது என்று யாராலும் காட்ட முடியாது, ஆனால் நாற்காலியின் தலைக்கு மேல் என் உள்ளங்கை போய்வர இடமிருந்தது.

மிஞ்சியிருந்தது சமயப் பிரச்சினை மட்டுந்தான். அதை என் மனைவி ஒரே வசனத்தில் தீர்த்தார்.

"மாமி, நாய் வைரவற்ர வாகனமெல்லோ?"

அம்மா நாயைப் பார்த்தார். பிஸ்கட் துகள் ஒட்டிய மூக்கோடு நாயும் அம்மாவைப் பார்த்தது. வைரவருக்கு வருடந் தவறாமல் வடைமாலை சாத்துகிற குடும்பத்தில் பிறந்தவருக்கு அதற்குமேல் மறுத்துப் பேச வழியிருக்கவில்லை.

அடுத்த வாரம் நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முன்பக்கம் பதினொரு வடையில் ஒரு சின்ன மாலையும் சாத்திய பிறகுதான் அந்தக் கார் எங்கள் வாசலை விட்டு அசைந்தது. பெரியவர் இலவசமாகக் கொடுத்துவிட்ட நாயின் சரிவுப் பலகையில் இப்போது மோர்க் கிடாரத்தை வழுக்கி ஏற்றுகிறோம், என் முதுகு அதற்கு நன்றியோடு இருக்கிறது. தேருக்கு மட்டுமல்லாமல், அரங்கேற்றச் சாமான், பிறந்தநாள் வீட்டுக் கதிரை, வெம்பிளி மாமியின் பழைய தையல் இயந்திரம் என்று ஊர்ப் பாரமெல்லாம் எங்கள் டிக்கியைத் தேடி வருவது தனிக் கதை.

தொழில்முறைச் சுத்தம் இரண்டு முறை செய்தாயிற்று. வெயில் நாட்களில் ஒன்றும் தெரியாது. மழை பெய்து கம்பளம் ஈரமாகிற நாட்களில் மட்டும், பின் இருக்கையில் இருக்கும் அம்மா மெல்ல மூச்சை இழுத்துப் பார்த்து, "வைரவர் வந்திட்டார்" என்று சொல்லிவிட்டு ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு இறக்கிக்கொள்கிறார்.