பழைய உருவப்படத்தைப் பார்த்துப் படித்த விதம்

புகைப்படக்கலை வரலாற்றுப் பாடத்துக்குத் திருகோணமலையில் வீட்டிலிருந்தே படித்தேன். முதல் பயிற்சித்தாளில் 20க்கு 7 புள்ளிதான். ஜூலியா மார்கரெட் கமரன் 1867இல் எடுத்த விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷலின் படத்தைக் கொடுத்திருந்தார்கள். கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தார், 48 வயதில் கமரா பிடித்தார், 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தார் என்று பக்கத்தை நிரப்பினேன். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் படத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் ஒரு மாலை முழுக்க அந்த ஒரே படத்தோடு இருந்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்தால் மூக்கு, வாய், சுருக்கம் எல்லாம் கரைந்து, இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். ஹேர்ஷலின் உடையும் பின்னணியும் ஒரே கறுப்பாக ஒட்டிவிட, முகமும் நரைமுடியும் மட்டும் வெளியே வருகின்றன. முதலில் எழுதவேண்டியது இதைத்தான்.

ஒளி எனக்கு விளங்கியது ஜன்னலடியில். டச்பே பக்கம் கடல் வெளிச்சம் நாலாபுறமும் அடிக்கும். அதில் முகம் தட்டையாகிவிடும். மற்ற ஜன்னல்களைப் படுக்கைவிரிப்பால் மூடி, ஒன்றை மட்டும் திறந்து, அம்மாவைப் பக்கவாட்டில் உட்காரவைத்தேன். ஒரு கன்னம் எழுந்தது, மற்றது இருட்டில் போனது. இருட்டுப் பக்கம் வெள்ளைத் துவாயைப் பிடித்ததும் அந்த நிழல் இளகியது. நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். எந்தக் குறிப்புப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது.

நிறத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். அக்காலத்து ஈரக் கொலோடியன் தகடு (ரசாயனம் பூசி ஈரம் காயுமுன் படமெடுக்கும் கண்ணாடித் தகடு) நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கும், சிவப்பை வாங்காது. அம்மாவின் சிவப்புச் சேலையை அதில் எடுத்திருந்தால் கிட்டத்தட்டக் கறுப்பாகவும், நீலச் சேலையை எடுத்திருந்தால் வெளிறியும் வந்திருக்கும். ஆகவே படத்தில் கறுப்பு உடையைக் கண்டவுடன் துக்கம் என்று எழுதிவிடாதீர்கள். தோல் நிறத்தைப் பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும்.

தாளையும் பாருங்கள். உப்புக்கரைசலில் நனைத்துத் தயாரித்த உப்புத்தாள் அச்சில் படிமம் நாருக்குள் இறங்கியிருப்பதால் மினுக்கமில்லாமல் மெத்தென்று இருக்கும். முட்டைவெண்கரு பூசிய அல்புமின் அச்சில் மேற்பரப்பு பளபளக்கும், விவரம் கூர்மையாக நிற்கும்; காலம் போகப்போக வெளிச்சப் பகுதிகள் மஞ்சளாகும். போனில் பார்ப்பதானால் கறுப்பு வெள்ளையாக மாற்றப்பட்ட பிரதியை விட்டுவிட்டு, அச்சின் அசல் நிறத்தை அப்படியே காட்டும் பிரதியைத் தேடுங்கள்.

இறுதிப் பரீட்சையில் ஹில், அடம்சன் என்ற புகைப்படக்காரர்கள் இருவரும் 1840களில் எடுத்த ஸ்கொட்லாந்தின் நியூஹேவன் மீனவப் பெண் ஒருவரின் படம் வந்தது. முதல் 5 நிமிடம் பேனாவைத் தொடவில்லை. தாழ்ந்த பார்வை, கூடை, கோடுபோட்ட பாவாடை, முகத்தில் விழும் வெயில். எங்கள் கரையில் மீன்கூடையோடு நிற்கும் பெண்களை நினைத்தபடி, கண் எங்கே முதலில் போகிறது, அங்கிருந்து எங்கே இறங்குகிறது என்று எழுதத் தொடங்கினேன். எடுத்தவர்களின் பெயர் மூன்றாவது பந்தியில்தான் வந்தது.