கொழுந்து ஏற்ற எந்த வண்டி?

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் தேயிலைக் கொழுந்து ஏற்ற ஒரு கெப் (பிக்கப் வண்டி) வாங்கப்போகிறார் அண்ணா. மின்சாரமா, ஹைபிரிட்டா, டீசலா என்று கேட்டார்.

மேட்டில் மின்சார வண்டி அருமை. நின்ற இடத்திலிருந்தே மோட்டார் முழு இழுவையையும் தரும். சேற்று ஏற்றத்தில் கிளட்ச் கருகும் வாடையே வராது. இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து, பேட்டரியையும் கொஞ்சம் ஏற்றும். ஆனால் பேட்டரி நிரம்பியிருந்தால் அந்தப் பிடிப்பு குறையும், கவனம். ஹைபிரிட்டின் சின்ன பேட்டரி நீண்ட இறக்கத்தில் சீக்கிரமே நிரம்பிவிடும். அப்புறம் எஞ்சின்தான் பிடிக்க வேண்டும்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் டீசலுக்கு வரிசையில் கிடந்ததை மறக்கவில்லை. இருந்தாலும் மண் சரிந்து கரண்ட் போனால், கேனில் டீசல் சுமந்துபோய் ஊற்றலாம். தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு, நாலு சக்கரமும் இழுக்கும் டீசல் போர்வீல்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து பெக்டரிக்கு மட்டும் ஓடுவதென்றால் மின்சாரமே எடுங்கள் என்றேன்.