உச்சந்தலை

மார்ச் 3, ஸ்கார்பரோ, கனடா
முடி கொட்டும் உச்சந்தலையில் நான்கு மில்லிமீட்டர் தோல் எடுத்தார்கள். ஆய்வு முடிவு வர இரண்டு வாரம் ஆகலாமாம்.

மார்ச் 5
சுருள் முடியை நேராக்கப் பூசும் ரிலாக்சர் ஞாபகம்தான் ராத்திரி முழுக்க. அதில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அடைத்த குழாயில் ஊற்றும் அதே காரம். முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்துத்தான் சுருளை நேராக்குகிறது. எனக்கு முதலில் பூசியபோது ஒன்பது வயது. எரிகிறது என்றேன். இன்னும் நேராகவில்லை, கொஞ்சம் பொறு என்றார்கள். அம்மா கதவருகே நின்றார். அப்பாவின் ஜமேக்கா முடி எனக்கு. அதை எப்படி வாருவது என்று யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அம்மா மேல் கோபம் இல்லை. நேரானால்தான் அழகு என்று அந்த டப்பாவில் சிரித்த சிறுமியின் படத்தின் மேல் இருக்கிறது.

2022இல் வந்த அமெரிக்க ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன். 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, முடியை நேராக்கும் ரசாயனம் பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05. தலையில் ஆரம்பித்த பயம் வயிற்றுக்கு இறங்கிவிட்டது.

மார்ச் 8
சின்னம்மா போன் எடுத்தார். தங்கச்சியின் கலியாணப் படத்துக்காவது தலையை நேராக்கிக்கொண்டு வா பிள்ளை, இல்லாவிட்டால் நல்ல விக் வாங்கித் தருகிறேன் என்றார். பதில் சொல்லவில்லை.

மார்ச் 9
பத்து டாலர் தாளில் வயலா டெஸ்மண்ட். 1946இல் நியூ கிளாஸ்கோ திரையரங்கில் வெள்ளையர் பகுதி இருக்கையை விட்டு எழ மறுத்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவருடைய கடைதான் பெரிது. ஹாலிஃபாக்ஸ் அழகுக்கலைப் பள்ளிகள் கறுப்புப் பெண்களைச் சேர்க்கவில்லை. மொன்றியலுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து கடை போட்டார், பள்ளியும் நடத்தினார். நம் தலையைக் கண்டு முகம் சுளிக்காத கைகளை அவர் உருவாக்கினார்.

மார்ச் 12
மாமியிடம் போனேன். விரலால் சிக்கெடுத்தார், ஷியா வெண்ணெய் தடவினார், தளர்வாகப் பின்னிவிட்டார். உச்சியைத் தொடவே இல்லை. தண்ணீர் பட்டதும் தோளிலிருந்து காதுவரை சுருண்டு ஏறும் இந்த முடி எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று மாமியிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

மார்ச் 15
அழகாகத்தான் இருக்கிறேன்.

மார்ச் 18
முடிவு வந்துவிட்டது. வடு விழும் வகை முடி உதிர்வு. உச்சியில் தொடங்கிச் சுற்றிலும் பரவுவது, கறுப்புப் பெண்களுக்கே அதிகம் வருவது. வடு விழுந்த இடத்தில் இனி முளைக்காது. மிச்சத்தைக் காப்பாற்ற ஊசி. ரிலாக்சரால்தானா என்று கேட்டேன். மரபணுவும் இருக்கலாம், ஒன்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் அயானா பிரெஸ்லி 2020 ஜனவரியில் கேமரா முன்னால் மொட்டைத் தலையைக் காட்டியதைத் திரும்பவும் பார்த்தேன். அவருடையது வேறு நோய். இயற்கை முடியை நேசிக்கிறேன் என்று இத்தனை காலம் சொன்னேனே, முடியே இல்லாத இந்த இடமும் என் இயற்கைதானா? இன்றைக்கு ஆத்திரம்தான் வருகிறது.

மார்ச் 19
சின்னம்மாவிடம் சொல்லிவிட்டேன். விக் வேண்டாம், ஒட்ட வெட்டிக்கொண்டு வருவேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், சேலை என்ன நிறம் என்று கேட்டார்.

முதல் ஊசி வெள்ளிக்கிழமை. மாமியும் வருகிறார். காப்புறுதிப் படிவத்தை இன்னும் நிரப்பவில்லை.