ரங்கூன் பெட்டியும் கொழும்புப் பெட்டியும்: நெல்லைச் சீமையில் பழைய நோட்டு சேர்ப்பவர்களுக்கு

பழைய நோட்டு சேர்க்க வருகிறவர்களில் பலர் கையிலிருக்கும் முதல் பணத்தை டிராக்டர் படம் போட்ட 5 ரூபாயிலும் வரிசை எண்ணில் 786 வரும் நோட்டிலும் கொட்டிவிடுகிறார்கள். டிராக்டர் நோட்டு ஏராளமாக அச்சானது. அதற்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று வரும் விளம்பரமெல்லாம் 'பதிவுக் கட்டணம்', 'கமிஷன்' என்று முன்பணம் பறிக்கிற வேலை. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரித்து அறிக்கை விட்டது.

நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல சேகரிப்பு வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் பிழைக்கப் போனவர்கள் அநேகம். திரும்பி வந்தபோது மாற்ற முடியாமல் போன பணம் ட்ரங்குப் பெட்டியின் அடியில் பத்திரங்களோடு கிடக்கிறது. அட்டவணைப்படி ஒவ்வொரு இந்திய நோட்டாக விலைக்கு வாங்கி அடுக்குவதைவிட, இந்த நோட்டுகளைத் தேடிப் படிப்பதுதான் நெல்லைக்காரருக்குப் பொருத்தம் என்பது என் கட்சி.

பர்மாவிலிருந்து தொடங்கலாம். 1937 ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. முதலில் ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய அரசு நோட்டுகளிலேயே 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்ற பொருளில் ஆங்கில மேலச்சு போட்டு விட்டார்கள். 1938 முதல் நம் ரிசர்வ் வங்கியே பர்மாவுக்கென்று ஆறாம் ஜார்ஜ் படத்தோடு தனி நோட்டு வெளியிட்டது. 1942-இல் ஜப்பான் நுழைந்ததும் 'ஜப்பானிய அரசாங்கம்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட ரூபாய் நோட்டுகள் வந்தன. அவற்றில் 1 சென்டிலிருந்து 100 ரூபாய் வரை உண்டு. வரிசை எண் இருக்காது. ஓரிரு ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும், முதல் எழுத்து 'பி' என்றால் பர்மா. மலாயாவுக்கு 'எம்'. வாழைத்தார் தொங்கும் 10 டாலர் நோட்டு அந்த மலாயா வகை. 1945-இல் ஆங்கிலேயர் திரும்பியதும் இவை வெறும் காகிதமாகிவிட்டன. அதனால்தான் இவ்வளவு மிச்சம் இருக்கிறது, அதனால்தான் விலையும் குறைவு. ஜப்பான் நோட்டை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்காதீர்கள். ஐந்தாம் ஜார்ஜ் மேலச்சு நோட்டு கண்ணில் பட்டால் மட்டும் விடாதீர்கள். பர்மாவின் பிற்காலப் பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் கட்டாகக் கிடைத்தால் காரணம் 1964 மே மாதம்: ஒரே அறிவிப்பில் அவை செல்லாமல் போயின.

ரங்கூனில் 1944-இல் நேதாஜி தொடங்கிய ஆசாத் ஹிந்த் வங்கியின் பெயரில் வரும் தாள்களில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. நேதாஜி படத்தைப் பார்த்ததும் மனம் இளகும். பர்ஸைத் திறக்கவே கூடாது.

இலங்கை நோட்டில் தமிழும் சிங்களமும் இருப்பதால் அடையாளம் காண்பது எளிது. 1942-இல் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக வந்த 5 சென்ட் தாளை நன்றாகப் பாருங்கள். நடுவில் தபால்தலைக்குப் போடுவது போன்ற துளை வரிசை, ஒரு பக்கம் 2 சென்ட், மறுபக்கம் 3 சென்ட். கிழித்துச் செலவழிக்கவே அப்படி அச்சிட்டார்கள். கிழியாமல் முழுசாக இருந்தால் அதற்குத் தனி மதிப்பு. 1970 நவம்பரில் செல்லாமல் போன 50, 100 ரூபாய் நோட்டுகளும் பழைய பெட்டிகளில் வரும்.

மேலப்பாளையம், காயல்பட்டினம் பக்கம் தேடுகிறவர்கள் ஹஜ் நோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1959-இல் ஹஜ் பயணிகளுக்கென்று வெளியானது. எண்ணுக்கு முன்னால் 'எச்.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். 10 ரூபாய் நீலம், 100 ரூபாய் சிவப்பு. வளைகுடா நாடுகளுக்கென்று அதே ஆண்டு வந்த நோட்டுகளில் எண் 'இசட்' எழுத்தில் தொடங்கும். இரண்டும் அரிது, இரண்டிலும் போலி உண்டு.

இனி கைவேலை. எட்டாக மடித்துச் சுருக்குப்பையில் அறுபது எழுபது வருடம் கிடந்த நோட்டு அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். விரலால் பிரித்தால் மடிப்போடு அறுந்துவரும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நன்றாகப் பிழிந்த ஈர ஸ்பாஞ்சை வையுங்கள். அதற்கு மேலே கம்பி வலை, வலைமேல் நோட்டு. தண்ணீர் நோட்டைத் தொடவே கூடாது. மூடியில் கோத்த நீர் சொட்டாமலிருக்க உள்பக்கம் ஒற்றுத்தாள் ஒட்டிவிடுங்கள். மணிக்கு ஒரு முறை பாருங்கள். காகிதம் இளகியதும் தட்டையான பிளாஸ்டிக் கரண்டிக் காம்பால் ஒவ்வொரு மடிப்பாக விரியுங்கள், நகம் வேண்டாம். பிறகு இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கண்ணாடித் துண்டு, அதன்மேல் ஒரு கிலோ எடை. அரைமணி நேரத்தில் ஒற்றுத்தாளை மாற்றிவிட்டு, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். டப்பாவிலேயே மறந்து விட்டால் பூஞ்சை பிடிக்கும். ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப் முத்திரையோ ஈரம் பட்டால் ஊதா மையாகும் காப்பியிங் பென்சில் எழுத்தோ இருந்தால் இந்த வேலையே வேண்டாம், மை பரவிவிடும்.

சோப்பு, ப்ளீச்சிங் பவுடர், இஸ்திரிப் பெட்டி எதுவும் கிட்டே வரக்கூடாது. உண்மையான நோட்டுகள் பலவற்றில் எழுத்தும் உருவமும் கைக்குத் தட்டுப்படும்படி மேடாக இருக்கும், இஸ்திரி போட்டால் அந்த மேடு அமுங்கிவிடும். விஷயம் தெரிந்தவர் தொட்டதுமே கண்டுபிடித்துவிடுவார். செல்லோ டேப் ஒட்டினால் சில வருடத்தில் பசை பழுத்து காகிதத்துக்குள் இறங்கும், பிறகு எடுக்க வழியில்லை. கிழிந்தது கிழிந்தபடியே உறைக்குள் இருக்கட்டும்.

சோதிக்க இரண்டு பொருள் போதும்: பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், சின்ன புற ஊதா டார்ச். லென்ஸில் கோடுகள் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் பிரிண்டர் வேலை. காகிதத்துக்கு வெண்மையூட்டும் ரசாயனம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் பரவலானது. ஆகவே ஜார்ஜ் காலத்து நோட்டு புற ஊதா ஒளியில் நீலவெள்ளையாக மினுங்கினால் அது புதிதாக அச்சடித்தது, இல்லையென்றால் சோப்புத்தூளில் குளித்தது. இந்திய நோட்டில் ஸ்டேப்ளர் ஓட்டை இருப்பதைப் பெரிய குறையாக யாரும் எடுப்பதில்லை. 2001-இல் ரிசர்வ் வங்கி தடுக்கும்வரை கட்டுகளைப் பின் அடித்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் நடுவில் ஒரே ஒரு மடிப்பு இருந்தாலும் அது 'யுஎன்சி', அதாவது புழக்கத்துக்கே போகாத புது நோட்டு, ஆகாது. விற்பவர் அப்படிச் சொன்னால் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வைப்பதற்கு ஸ்டேஷனரிக் கடை பிவிசி ஆல்பம் ஆகாது. நம் வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் எண்ணெய் கக்கி நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் ராமபாணப் பூச்சியும் பூஞ்சையும் வேலை காட்டும். தென்காசிப் பக்கம் சாரல் மாதங்களிலும் கவனம் வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை டப்பாவில் போட்டு, நிறம் மாறியதும் புதிது மாற்றுங்கள். பாச்சை உருண்டையும் வேப்பிலையும் துணிக்குச் சரி, நோட்டுக்கு வேண்டாம். வேப்பிலையின் ஈரம் கறையாக இறங்கும்.

ஒரு வீட்டு ஆச்சி பெட்டியைத் திறந்து காட்டினால் விலை பேசுவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை: யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, எந்த வருடம் வந்தார்கள், அங்கே என்ன தொழில். அதைத் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி உறையின் பின்பக்கம் செருகுங்கள். நோட்டின்மேல் எழுதாதீர்கள். விற்க மனமில்லை என்றால் அங்கேயே நல்ல உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சட்டம் ஒன்று: 2016-இல் செல்லாததான 500, 1000 நோட்டுகளை 2017-இன் சட்டப்படி ஒருவர் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஆய்வுக்கோ நாணயவியல் சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. மீறினால் 10,000 ரூபாய் அல்லது நோட்டு மதிப்பின் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம். மலிவாகக் கிடைக்கிறதே என்று கட்டாக வாங்கி வைக்காதீர்கள்.